தடம் புரண்ட ரயிலில் வந்த புது கார், ஸ்டிக்கருக்கு மேல் விலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் புது கார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் இரண்டு வகைதான். வழியில் அடிபட்ட வண்டியைப் புதுசு என்று நம் தலையில் கட்டிவிடுவார்களா என்பது ஒன்று. ஒட்டியிருக்கும் விலைக்கு மேல் டீலர் ஆயிரக்கணக்கில் கேட்கலாமா என்பது இன்னொன்று. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் மாநில விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

புது கார் ரயில்லயா வருது? டீலர்கிட்ட லாரியிலதானே இறக்குறாங்க?

கடைசிக் கட்டம்தான் லாரி. அமெரிக்காவில் விற்கும் புது கார்கள், சிறு டிரக்குகளில் ஏறத்தாழ முக்கால்வாசி ரயிலில் பயணம் செய்பவை என்று ரயில் நிறுவனங்களின் சங்கம் சொல்கிறது. தொழிற்சாலையிலிருந்தோ துறைமுகத்திலிருந்தோ ரயிலேறி, பெரிய ஊர்களுக்கு வெளியே இருக்கும் யார்டில் இறங்கி, அங்கிருந்து லாரியில் டீலருக்குப் போகும்.

இதற்கென்றே ஆட்டோராக் என்ற மூடிய பெட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 90 அடி நீளம். எஸ்.யூ.வி., பிக்கப் போன்ற உயரமான வண்டிகளுக்கு இரண்டடுக்குப் பெட்டி, அதில் பத்து வண்டி வரை நிற்கும். செடான்களுக்கு மூன்றடுக்கு, பதினைந்து வரை. பெட்டியின் ஒரு முனைக் கதவைத் திறந்து, பெட்டி விட்டுப் பெட்டி வண்டியை ஓட்டிக்கொண்டே போய் நிறுத்துவார்கள். அப்புறம் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துப் பட்டையால் இழுத்துக் கட்டுவார்கள். ஒரு காலத்தில் பெட்டிகள் திறந்தே இருந்தன. கல்லெறியும் திருட்டும் தாங்காமல்தான் மூடினார்கள்.

ரயில் கவிழ்ந்தா உள்ள இருக்கிற வண்டியெல்லாம் என்ன ஆகும்?

பெட்டி சாய்ந்து உருண்டிருந்தால் பெரும்பாலும் ஸ்க்ராப்தான். 2023 ஜூனில் அரிசோனாவின் வில்லியம்ஸ் ஊருக்குப் பக்கத்தில் புது வண்டிகளை ஏற்றி வந்த சரக்கு ரயில் தடம் புரண்டது. அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நஷ்டம் டீலர் தலையிலோ உங்கள் தலையிலோ விழாது. 1906இல் வந்த கார்மாக் திருத்தம் என்ற கூட்டாட்சிச் சட்டப்படி, சரக்கு நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டு சேதமாகி வந்தது என்று காட்டினாலே போதும், கொண்டுவந்த நிறுவனம் பொறுப்பு. அதன் கவனக்குறைவைத் தனியாக நிரூபிக்கத் தேவையில்லை. பெரிய தயாரிப்பாளர்கள் ரயில் நிறுவனங்களோடு தனி ஒப்பந்தமும் வைத்திருப்பார்கள்.

கீறல் கூட விழாத வண்டியையும் நசுக்குவார்களா? நசுக்கியிருக்கிறார்கள். 2006 ஜூலையில் கூகர் ஏஸ் என்ற கப்பல் அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளுக்குத் தெற்கே ஒரு பக்கமாகச் சுமார் 60 பாகை சாய்ந்து நின்றது. உள்ளே சுமார் 4,700 மாஸ்டா கார்கள். கப்பல் மூழ்கவில்லை, கரைக்கும் வந்து சேர்ந்தது. பல கார்கள் கட்டிய இடத்திலேயே அப்படியே இருந்தன. ஆனாலும் மாஸ்டா அத்தனையையும் அழித்தது. பாகங்கள் கூட வெளியே போய்விடக் கூடாது என்று ஏர்பேகுகளை வெடிக்கவைத்தார்கள், சக்கரங்களை வெட்டினார்கள். வாரக்கணக்கில் சாய்ந்து தொங்கிய வண்டி ஐந்து வருஷம் கழித்து என்ன செய்யும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஒரு வழக்கு வந்தால் ஆகும் செலவு, நசுக்கும் செலவைவிடப் பெரிது.

எல்லாத்தையும் நசுக்கிடுவாங்கன்னா அப்புறம் நமக்கென்ன கவலை?

செய்தியில் வரும் பெரிய விபத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்பதுதான் என் எண்ணமும். கவனிக்க வேண்டியது செய்தியில் வராதது. தடம் விலகியும் சாயாமல் நின்ற பெட்டி, யார்டில் பெட்டிகளைக் கோக்கும்போது பலமாக இடித்தது, லாரியில் ஏற்றும்போது மேல் தளத்தில் உரசிய கூரை, நிறுத்திவைத்த இடத்தில் விழுந்த ஆலங்கட்டி மழை. இவற்றில் அடிபடுபவை டிங்கரிங், பெயின்ட் வேலை முடிந்து விற்பனைக்கு வரும்.

ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் ஒவ்வொரு இடத்திலும் வண்டியைச் சுற்றிப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். சேதத்தை எழுத அந்தத் தொழிலில் ஐந்து இலக்கக் குறியீடு உண்டு. முதல் இரண்டு எந்தப் பாகம், அடுத்த இரண்டு கீறலா குழியா உடைசலா, கடைசி எண் எவ்வளவு பெரிது. டீலரும் லாரிக்காரரின் ரசீதில் கையெழுத்துப் போடும்போது இதைப் பார்த்துத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் பணம் கேட்பது சிரமம். அதனால் 'எங்களுக்கே தெரியாது சார்' என்று டீலர் சொன்னால் நான் அவ்வளவு சுலபமாக நம்ப மாட்டேன்.

ரிப்பேர் பண்ணின வண்டியைப் 'புதுசு'ன்னு விக்கலாமா?

விற்கலாம். சட்டத்தின் கண்ணில் 'புதுசு' என்றால் இதுவரை எந்த வாடிக்கையாளர் பெயரிலும் பதிவாகாதது, அவ்வளவுதான். வழியில் பட்ட அடியை வாங்குபவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை. பல மாநிலங்கள் ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. ரிப்பேர் செலவு அதைத் தாண்டினால் சொல்ல வேண்டும், தாண்டாவிட்டால் அவர்களாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

கலிஃபோர்னியாவில் அந்த வரம்பு எம்.எஸ்.ஆர்.பி. என்னும் தயாரிப்பாளர் பரிந்துரை விலையில் 3 சதவீதம் அல்லது 500 டாலர், இரண்டில் எது அதிகமோ அது. 40,000 டாலர் வண்டிக்குக் கணக்குப் போட்டால் 1,200 டாலர். அதாவது 1,100 டாலருக்கு ஒரு கதவுக்குப் பெயின்ட் அடித்திருந்தால் உங்களிடம் சொல்லாமலே விற்கலாம். ஆனால் அடிச்சட்டத்தில் பட்ட அடிக்கு அங்கே இந்தக் கணக்கு இல்லை, தொகை எவ்வளவானாலும் சொல்லியாக வேண்டும்.

அவர்களாகச் சொல்ல வேண்டியதில்லை என்பது வேறு, நீங்கள் கேட்கும்போது பொய் சொல்வது வேறு. நேராகக் கேட்ட கேள்விக்குப் பொய்யான பதில் தந்தால் எந்த மாநிலத்திலும் வம்புதான். ஆகவே கேளுங்கள், அதையும் எழுத்தில் கேளுங்கள்: 'இந்த வண்டிக்குத் தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு ஏதாவது ரிப்பேர், பெயின்ட், பாக மாற்றம் நடந்திருக்கிறதா? எவ்வளவு சிறியதானாலும் சொல்லுங்கள்.' ஒரு மின்னஞ்சல் போதும்.

யாரோ ஒரு டாக்டர் பி.எம்.டபிள்யூ மேல கேஸ் போட்டு மில்லியன் கணக்குல வாங்கினாராமே, நிஜமா?

பாதி நிஜம். ஐரா கோர் என்ற மருத்துவர் 1990இல் அலபாமாவின் பர்மிங்ஹாமில் கறுப்பு பி.எம்.டபிள்யூ 535i கார் ஒன்றை 40,750 டாலர் சொச்சத்துக்கு வாங்கினார். ஒன்பது மாதம் அவருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. பளபளப்பு ஏற்றலாம் என்று ஒரு கடையில் விட்டபோது, 'இதற்கு ஏற்கெனவே மறு பெயின்ட் அடித்திருக்கிறதே' என்று கடைக்காரர் சொன்னார். ஜெர்மனியிலிருந்து வரும் வழியில் அமில மழை பட்டிருக்கலாம் என்று கருதப்பட்டது. சரிசெய்ய ஆன செலவு 601 டாலர், விலையில் ஒன்றரை சதவீதம். 3 சதவீதத்துக்குள் இருந்தால் டீலரிடம் கூடச் சொல்ல வேண்டாம் என்பது அப்போது அந்த நிறுவனத்தின் கொள்கை.

ஜூரி மதிப்புக் குறைவுக்கு 4,000 டாலரும் தண்டனையாக 40 லட்சம் டாலரும் கொடுத்தது. அலபாமா உச்ச நீதிமன்றம் தண்டனையை 20 லட்சமாகக் குறைத்தது. 1996 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதுவும் மிக மிக அதிகம் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தள்ளிவிட்டது. கடைசியில் நின்றது 50,000 டாலர்.

எல்லோரும் மில்லியனைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஒன்பது மாதம். தினமும் ஓட்டிய சொந்தக்காரருக்கே தெரியவில்லை, பெயின்டைத் தொட்டுப் பழகிய ஆளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. மேலே சொன்ன 3 சதவீத வரம்பு அலபாமாவில் சட்டமானதும் இந்தத் தகராறு நடந்துகொண்டிருந்த காலத்தில்தான்.

கார்ஃபாக்ஸ் பாத்தேன், சுத்தமா இருக்கு. போதாதா?

போதாது. கார்ஃபாக்ஸ் என்பது வண்டியின் பழைய வரலாற்றைச் சொல்லும் அறிக்கை. அதற்கு விஷயம் கிடைப்பது பதிவு அலுவலகம், காப்பீடு, போலீஸ், சர்வீஸ் நிலையம் போன்ற இடங்களிலிருந்து. உங்கள் வண்டி இன்னும் யார் பெயருக்கும் மாறவில்லை, யாரும் காப்பீடு கேட்கவில்லை. யார்டில் வைத்துப் பெயின்ட் அடித்தது அங்கே எப்படிப் போய்ச் சேரும்? புது வண்டிக்குச் சுத்தமான அறிக்கை என்றால் ஒன்றும் எழுதப்படவில்லை என்றுதான் அர்த்தம்.

வண்டியைப் பாத்தே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். பகல் வெளிச்சத்தில், கழுவித் துடைத்த வண்டியை, விற்பனையாளர் பேச்சுக்கு இடையில் இல்லாமல் தனியாகப் பாருங்கள். முதலில் பானெட்டையும் டிக்கியையும் திறந்து போல்ட்டுகளைப் பாருங்கள். தொழிற்சாலையில் உடலோடு சேர்த்துப் பெயின்ட் ஆன போல்ட்டின் விளிம்பில் பெயின்ட் உடையாமல் இருக்கும். ஸ்பானர் பட்டிருந்தால் மூலைகளில் உரிந்து உலோக நிறம் தெரியும். கதவு ரப்பரை விரலால் விலக்கிப் பாருங்கள். அடியில் டேப் ஒட்டிப் பெயின்ட் அடித்த கோடு நகத்தில் தட்டுப்படும். எல்லாக் கண்ணாடிகளிலும் ஒரே கம்பெனிக் குறி இருக்கிறதா, ஒன்று மட்டும் வேறாக இருக்கிறதா? சில மாடல்களில் பானெட், கதவு, ஃபெண்டர் உட்புறம் வி.ஐ.என். எண் (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) அச்சிட்ட சின்ன ஸ்டிக்கர் இருக்கும். மாற்றுப் பாகம் என்றால் அந்த எண் இல்லாமல் 'ஆர்' என்ற எழுத்தும் 'டி.ஓ.டி.' என்பதும் இருக்கும்.

பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி கிடைத்தால் நல்லது. தொழிற்சாலைப் பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரானுக்குள் நிற்கும். ஒரு பலகை மட்டும் 250, 300 காட்டினால் காரணம் கேளுங்கள். ஆயிரம் காட்டினால் அடியில் பட்டி பூசிக் குழியை நிரப்பியிருக்கிறார்கள். அலுமினிய உடலுக்கு அதற்கேற்ற கருவி வேண்டும், பிளாஸ்டிக் பம்பரில் சாதாரணக் கருவி எதுவும் காட்டாது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: தொழிற்சாலையிலேயே குறை கண்டு இரண்டாம் தடவை அடிப்பதும் உண்டு. எண் கூடுதலாக வந்தால் அது கேள்வி கேட்கக் காரணம், குற்றத்துக்குச் சாட்சி இல்லை.

வெள்ளைக் கார்ல மணல் மாதிரி ஆரஞ்சுப் புள்ளி இருக்கு அண்ணா. துருவா? தடம் புரண்ட வண்டியா இருக்குமோ?

பயப்படாதீர்கள். தண்டவாளத்திலும் பிரேக்கிலும் உராய்ந்து பறக்கும் இரும்புத் தூள் பெயின்டில் ஒட்டித் துருப்பிடித்தது அது. ரயிலில் வந்த வண்டிக்கு இது சகஜம், வெள்ளையில் பளிச்சென்று தெரியும். இரும்புத் துகள் நீக்கும் திரவமோ, கார் பெயின்டைச் சுத்தம் செய்யவென்றே விற்கும் களிமண் கட்டியோ (கிளே பார்) போட்டுத் தேய்த்தால் போய்விடும். டெலிவரிக்கு முன் டீலரே சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள்.

ஸ்டிக்கர்ல 42,000. டீலர் 47,000 கேக்குறான். இது சட்டப்படி குத்தமில்லையா?

இல்லை. எம்.எஸ்.ஆர்.பி. என்பது பரிந்துரை விலை, கட்டளை இல்லை. ஜன்னலில் ஒட்டியிருக்கும் அந்தத் தாளை மன்ரோனி ஸ்டிக்கர் என்பார்கள். ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி கொண்டுவந்த 1958ஆம் வருஷச் சட்டம் அது. பரிந்துரை விலை, கூடுதல் வசதிகள், கொண்டுவரும் கட்டணம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வாங்குபவர் கைக்கு வரும் முன் அதைக் கிழித்தாலோ திருத்தினாலோ ஒரு வண்டிக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. ஆனால் அதே விலைக்கு விற்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவே இல்லை.

டீலர் என்பவர் தயாரிப்பாளரின் ஆள் இல்லை, வண்டியை வாங்கி விற்கும் தனி வியாபாரி. பக்கத்தில் இன்னொரு தாளை ஒட்டி 'மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட் 5,000' என்று எழுத அவருக்கு உரிமை உண்டு. சிப் தட்டுப்பாடு இருந்த 2021, 2022இல் இது உச்சத்துக்குப் போனது. ஃபோர்டின் தலைவர் ஜிம் ஃபார்லி, ஏறத்தாழ பத்தில் ஒரு டீலர் பரிந்துரை விலைக்கு மேல் விற்றதாகவும் அப்படிப்பட்டவர்களுக்கு இனி வண்டி ஒதுக்கீடு பாதிக்கப்படும் என்றும் 2022 பிப்ரவரியில் சொன்னார். ஒதுக்கீட்டைக் குறைப்பதுதான் அவர்கள் கையில் இருக்கும் சாட்டை.

ஒரு விதிவிலக்கு: ஒரு குறிப்பிட்ட வண்டிக்கு விளம்பரத்தில் விலை போட்டுவிட்டுக் கடையில் கூடக் கேட்பது கலிஃபோர்னியா உட்படப் பல மாநிலங்களில் தவறு. விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

'ரயில் கவிழ்ந்துடுச்சு, ஸ்டாக் வரல, அதான் 5,000 கூட'ன்னு சொல்றாங்களே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு பெட்டி, எல்லாம் மூன்றடுக்கு, எல்லாம் நிரம்பியது என்று வைத்தாலும் 1,500 வண்டி. 2024இல் அமெரிக்காவில் விற்ற புது வண்டிகள் சுமார் 1.6 கோடி, அதாவது ஒரு நாளைக்கு நாற்பதாயிரத்துக்கு மேல். முழு ரயிலும் அழிந்தாலும் நாடு முழுக்க ஒரு மணி நேர விற்பனைக்குக் கூட வராது. நிஜத்தில் தடம் புரள்வது சில பெட்டிகள்தான்.

வருஷத்துக்குச் சில ஆயிரம் மட்டும் செய்யும் மாடல் என்றால் அந்த வட்டாரத்தில் கொஞ்ச நாள் இறுக்கமாக இருக்கலாம். அதற்கும் பக்கத்து மாநில டீலரிடம் விசாரித்தால் உண்மை தெரிந்துவிடும். மற்றபடி இது பேரத்துக்கு ஒரு கதை. நேற்று சிப், இன்று ரயில், நாளைக்கு வேறொன்று.

வண்டியைக் கொண்டுவர ஆகுற செலவுன்னு 2,000 டாலருக்கு மேல போட்டிருக்கான். இதையாவது குறைக்கலாமா?

அது டெஸ்டினேஷன் சார்ஜ், தயாரிப்பாளர் போடுவது. தொழிற்சாலைக்குப் பக்கத்து ஊரானாலும் நாட்டின் மறுகோடியானாலும் ஒரு மாடலுக்குப் பொதுவாக ஒரே தொகை. பல பிக்கப்களுக்கு இப்போது 2,000 டாலரைத் தாண்டிவிட்டது. அந்த வரியை அழிக்கச் சொன்னால் யாரும் அழிக்க மாட்டார்கள், மொத்த விலையில் பேரம் பேசுங்கள். டீலர் தன் தாளில் 'ஃபிரைட்' என்று இரண்டாம் தடவை போட்டிருந்தால் மட்டும் விடாதீர்கள், கறாராக நீக்கச் சொல்லுங்கள்.

ஆசைப்பட்ட வண்டி. 5,000 கூடக் கொடுத்தா என்ன, அஞ்சு வருஷத்துல சரியாயிடும்ல?

உங்கள் பணம், உங்கள் ஆசை. ஆனால் 5,000 ஐயாயிரத்தோடு நிற்காது. அதற்கும் விற்பனை வரி உண்டு. கடன் வாங்கினால் அதற்கும் வட்டி. பல வங்கிகள் பரிந்துரை விலையையோ டீலர் வாங்கிய விலையையோ வைத்துத்தான் கடன் வரம்பு போடும், மீதியைக் கையிலிருந்து போட வேண்டி வரும். வண்டி விபத்தில் முழுசாகப் போனால் சாதாரணக் காப்பீடு சந்தை மதிப்பைத் தரும், நீங்கள் ஆசைக்குக் கொடுத்ததைத் தராது.

இன்னொரு மார்க்கப், அதாவது மேலே ஏற்றும் பணம், கண்ணுக்கே தெரியாது. டீலர் வழியாகக் கடன் எடுத்தால், வங்கி அவருக்குச் சொன்ன வட்டிக்கு மேல் கொஞ்சம் சேர்த்து உங்களிடம் சொல்லலாம், அந்த வித்தியாசத்தில் அவருக்குப் பங்கு. 'ஸ்டிக்கர் விலைக்கே தருகிறோம்' என்று பெருமையாகச் சொல்லும் இடத்தில் இதைத்தான் முதலில் பார்ப்பேன். உங்கள் வங்கியில் முன்கூட்டியே கடன் ஒப்புதல் வாங்கிக்கொண்டு போங்கள்.

அப்ப விலையை எப்படிக் கேக்கணும்?

மாதத் தவணையைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். வரி, பதிவு, கட்டணம், டீலர் சேர்த்த சாமான் எல்லாம் சேர்த்து வண்டி கைக்கு வர எவ்வளவு என்று, வி.ஐ.என். எண்ணோடு, வரி வரியாகப் பிரித்து மின்னஞ்சலில் கேளுங்கள். அவுட்-தி-டோர் விலை என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். சேதம் பற்றிய கேள்வியையும் அதே மின்னஞ்சலில் சேர்த்துவிடுங்கள்.

டயரில் நைட்ரஜன், கண்ணாடியில் வி.ஐ.என். பொறிப்பு, பெயின்ட் பாதுகாப்பு என்று நூறு நூறாக ஏற்றியிருப்பார்கள், வேண்டாம் என்று சொல்லலாம். 'ஏற்கெனவே போட்டாச்சு' என்றால், போட்டதற்குப் பணம் தர மாட்டேன் என்று சொல்லுங்கள். ஆவணக் கட்டணத்துக்குச் சில மாநிலங்களில் உச்சவரம்பு உண்டு, கலிஃபோர்னியாவில் 85 டாலர். வரம்பு இல்லாத மாநிலங்களில் ஆயிரத்தை நெருங்கும்.

கூட்டாட்சி அரசு புது ரூல் போட்டுடுச்சு, இனிமே இதெல்லாம் நடக்காதுன்னு சொன்னாங்களே?

போட்டார்கள், நிற்கவில்லை. எஃப்.டி.சி. என்னும் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில் அறிவித்த விதி, முழு விலையை முன்கூட்டியே சொல்ல வேண்டும், பயனில்லாத சாமானை ஏற்றக் கூடாது என்றது. 2024 ஜூலை 30இல் அமலுக்கு வர வேண்டியது. டீலர்கள் வழக்குப் போட, 2025 ஜனவரியில் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. விதி தப்பு என்று சொல்லவில்லை, விதி போடும் முன் செய்ய வேண்டிய ஒரு அறிவிப்பைச் செய்யவில்லை என்று சொன்னது. ஏமாற்று வியாபாரத்துக்கு எதிரான பொதுச் சட்டங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த விதி நடைமுறையில் வந்திருந்தாலும் மார்க்கப்பைத் தடுத்திருக்காது, மறைக்காமல் சொல்ல வைத்திருக்கும்.

பிடிக்கலைன்னா மூணு நாளுக்குள்ள திருப்பிக் கொடுத்துடலாம்ல?

முடியாது. அந்த மூன்று நாள் விதி வீட்டுக்கு வந்து விற்பவர்கள் போன்றவர்களுக்கானது. டீலர் கடையில் போய் வாங்கிய புது காருக்குப் பொருந்தாது. பார்ப்பது, கேட்பது எல்லாம் கையெழுத்துக்கு முன்.

நான் ஆர்டர் பண்ணின வண்டியே கவிழ்ந்த ரயில்ல இருந்துச்சாம். இப்ப என்ன பண்றது?

வண்டி அழிக்கப்பட்டால் அந்த வி.ஐ.என். அத்தோடு முடிந்தது. தயாரிப்பாளர் இன்னொன்று செய்து தருவார், புது எண் வரும். இங்கே இரண்டு விஷயத்தை உடனே எழுத்தில் வாங்குங்கள். பழைய விலையும் தள்ளுபடியும் புது வண்டிக்கும் தொடருமா? இதற்குள் அடுத்த வருஷ மாடல் வந்து விலை ஏறினால் யார் தாங்குவது? காத்திருக்க விருப்பமில்லை என்றால் முன்பணம் திரும்ப வருமா என்பது நீங்கள் போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

சிக்கலானது இன்னொரு நிலைமை. வண்டி அழிக்கப்படவில்லை, வாரக்கணக்கில் 'ஹோல்ட்' என்று காட்டிவிட்டு ஒரு நாள் 'வந்துவிட்டது, வாருங்கள்' என்கிறார்கள். அந்தப் பெட்டி சாயாமல் நின்றிருக்கலாம், வண்டி பத்திரமாகவே இருக்கலாம். ஆனாலும் பரிசோதனைக் குறிப்பின் நகலைக் கேளுங்கள். தர மறுத்தால் வெளி மெக்கானிக் ஒருவரை வைத்து அடிச்சட்டம், சக்கர அலைன்மென்ட், சஸ்பென்ஷன் பார்க்க அனுமதி கேளுங்கள். கட்டியிருந்தது சக்கரத்தில், ஆகவே குலுக்கலைத் தாங்கியது சஸ்பென்ஷன்தான். இரண்டுக்கும் மறுத்தால் அந்த வண்டியை நான் தொட மாட்டேன்.

ஏலத்துல 12 மைல் மட்டும் ஓடின வண்டி, பாதி விலை. ரயில்ல அடிபட்டதுன்னு போட்டிருக்கு. வாங்கலாமா?

உதிரி பாகத்துக்கு வாங்குகிறீர்களா, ஓட்டவா? ஓட்டத்தான் என்றால் முதலில் காகிதத்தைப் பாருங்கள். புது வண்டியைப் பதிவு செய்ய தயாரிப்பாளர் தரும் பிறப்பிடச் சான்று வேண்டும். அது இல்லாமல் வெறும் விற்பனை ரசீதோ, 'அழிப்புச் சான்று' என்ற தாளோ, பாகங்களுக்கு மட்டும் என்ற குறிப்போ இருந்தால் அந்த வண்டி சாலைக்கு வர வழியே இல்லாமல் போகலாம். சால்வேஜ் டைட்டில், அதாவது பெரிய சேதமான வண்டி என்று முத்திரை குத்திய உரிமைப் பத்திரம், இருந்தால் ரிப்பேர் செய்து பரிசோதனைக்குப் பின் பதியலாம், ஆனால் அந்த முத்திரை வண்டியோடு கடைசி வரை வரும், தயாரிப்பாளர் வாரன்ட்டி பொதுவாக இருக்காது, முழுக் காப்பீடு கிடைப்பதும் சிரமம்.

சுத்தமான டைட்டிலோடு பாதி விலைக்கு வந்தால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும். என்.எம்.வி.டி.ஐ.எஸ். என்ற கூட்டாட்சித் தரவுத்தளத்தில் வி.ஐ.என். போட்டுப் பாருங்கள். காப்பீட்டு நிறுவனங்களும் ஸ்க்ராப் யார்டுகளும் 2009 முதல் அதில் தகவல் கொடுக்கக் கடமைப்பட்டவை. ஒரு மாநிலத்தில் வாங்கிய சால்வேஜ் முத்திரை இன்னொரு மாநிலத்தில் மாயமாகியிருந்தால் பெரும்பாலும் அங்கே தெரியும்.

வாங்கி எட்டு மாசம் கழிச்சுத்தான் மறு பெயின்ட்டுன்னு தெரிஞ்சது. இனிமே என்ன செய்ய முடியும்?

கோர் மருத்துவரின் நிலைமைதான் உங்களுடையதும். முதலில் வண்டியில் எதையும் சரிசெய்யாதீர்கள், அது இப்போது சாட்சி. தனி ஆளிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள்: எந்தப் பலகை, என்ன வேலை, தோராயமாக எப்போது, என்ன செலவாகியிருக்கும். அந்தத் தொகை உங்கள் மாநில வரம்பைத் தாண்டுகிறதா என்பதில்தான் விஷயம் நிற்கிறது. நீங்கள் மின்னஞ்சலில் கேட்டு அவர்கள் 'இல்லை' என்று எழுதியிருந்தால் வரம்புக்குக் கீழே இருந்தாலும் உங்கள் கை ஓங்கியிருக்கும்.

பிறகு டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் எழுதுங்கள், போக்குவரத்துச் சேதப் பதிவைக் கேளுங்கள். மசியாவிட்டால் மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவு, டீலர் உரிமம் தரும் அலுவலகம். வழக்குக்குப் போகும் முன் உங்கள் ஒப்பந்தத்தில் 'ஆர்பிட்ரேஷன்' பிரிவு (நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவரிடம் தீர்த்துக்கொள்வது) இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். காலக்கெடுவும் உண்டு, தள்ளிப்போடாமல் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். லெமன் சட்டத்தை நம்பிப் போகாதீர்கள். அது வாரன்ட்டிக்குள் திரும்பத் திரும்ப வரும் தயாரிப்புக் கோளாறுக்கு.

டீலரே 'வழியில் அடிபட்டது, சரிபண்ணியாச்சு, 2,000 குறைச்சுத் தரேன்'னு சொல்றார். நல்ல டீலா?

சொன்னாரே, அதுவே நல்ல அறிகுறி. எந்தப் பாகம் என்பதைப் பாருங்கள். பம்பர், கண்ணாடி, கழற்றி மாட்டும் ஃபெண்டர் என்றால் அசல் பாகம் போட்டிருக்கும் வரை எனக்கு உறுத்தாது. அடிச்சட்டம், தூண், வெல்டிங் வேலை, ஏர்பேக் என்று எதாவது இருந்தால் 2,000 இல்லை, அதைப்போல் சில மடங்கு குறைத்தாலும் வேண்டாம் என்பேன். ரிப்பேர் பில்லின் நகல், வாரன்ட்டி முழுசாக இருக்கிறது என்று தயாரிப்பாளர் தரப்பிலிருந்து ஒரு வரி, சேதத்தைக் குறிப்பிட்டு ஒப்பந்தத்தில் ஒரு வரி, மூன்றும் வேண்டும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது அடுத்தவர் பெயின்ட் கருவியோடு வருவார், அவரிடம் காட்ட அந்தக் காகிதம் தேவைப்படும்.

அப்புறம் 2,000 எந்த விலையிலிருந்து குறைகிறது என்று பாருங்கள். மன்ரோனி தாளில் 42,000, பக்கத்துத் தாளில் மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட் 3,000, அதிலிருந்து 'சேதத் தள்ளுபடி' 2,000 என்றால் அடிபட்ட வண்டிக்கு நீங்கள் கொடுப்பது 43,000. அடிபடாத வண்டியை ஸ்டிக்கர் விலைக்கே தரும் இன்னொரு டீலர் பக்கத்து ஊரில் இருக்கிறாரா என்று இரண்டு போன் போட்டுப் பாருங்கள்.